ஜூன் 30 கேள்வியாக வராது

குரூப்-4 தேர்வுக்குப் படித்தபோது 'முக்கிய தினங்கள்' என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்தேன். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். ஜூன் 21 யோகா நாள். ஜூன் 30 சர்வதேச சிறுகோள் நாள். 1908-இல் அந்த நாளில் விண்ணிலிருந்து வந்த ஒரு பொருள் சைபீரியாவின் துங்குஸ்கா காட்டுக்கு மேலே வெடித்துச் சிதறியது. அதன் நினைவாக ஐ.நா. அவை அந்த நாளை அறிவித்திருக்கிறது. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன்.

பயிற்சி மையம் இருந்தது மதுரையில். அங்கிருந்து மேலூர் போய்ப் பேருந்து மாறினால் மேலவளவு. அதே ஜூன் 30 அங்கே என்ன நாள் என்று வகுப்பில் ஒருமுறை கேட்டேன். சார் நல்ல மனிதர்தான். பணம் கட்ட முடியாத பிள்ளைகளிடம் கறாராக இருக்கமாட்டார். "அதெல்லாம் கேள்வியா வராதுப்பா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, எங்களுக்கு வரவில்லை. எனக்கு முன்னால் எழுதிய என் அண்ணன்களுக்கும் வந்ததில்லை.

1997 ஜூன் 30 ஒரு திங்கட்கிழமை. கத்திரி முடிந்தும் வெயில் குறையாத, காலண்டரில் சிவப்பு மை இல்லாத வேலை நாள். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் தம் மக்களுடன் மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போயிருந்தார். தீ வைக்கப்பட்ட குடிசைகளுக்கு இழப்பீடு கேட்கப் போன பயணம் அது. மனு கொடுத்தோமா, வந்த பேருந்தில் ஏறினோமா என்று எந்த ஊராட்சித் தலைவரும் செய்கிற வேலை. திரும்பி வரும் வழியில், ஊருக்கு அருகே, பகல் வெளிச்சத்தில் பேருந்து மறிக்கப்பட்டது. முருகேசன், துணைத் தலைவர் மூக்கன், ராஜா, செல்லத்துரை, சேவகமூர்த்தி, பூபதி ஆகிய ஆறு பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார்கள்.

அவர் செய்த குற்றம் வேட்புமனு தாக்கல் செய்தது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் 1996-இல் நடந்த முதல் ஊராட்சித் தேர்தலில் மேலவளவு பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. ஊர்ச் சாதி இந்துக்களால் அதைச் செரிக்க முடியவில்லை. மிரட்டி வேட்புமனுக்களைத் திரும்பப் பெற வைத்தார்கள். மறுபடி தேர்தல் வைத்தபோது வாக்குச்சாவடிக்குள் புகுந்தார்கள். கடைசியில் போலீஸ் காவலோடு வாக்குப்பதிவு நடந்து முருகேசன் வென்றார். வென்ற பிறகும் ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரை நுழைய விடவில்லை. ஆறு மாதம் அந்த நாற்காலிக்காகப் போராடியவரை, நாற்காலியின் வேலையாகப் போன இடத்திலிருந்து திரும்பும்போது கொன்றார்கள்.

அதே ஜூன் 30 நள்ளிரவில்தான் பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்தது. கொடி இறக்கினார்கள், கொடி ஏற்றினார்கள். அது வரலாறு, பாடப் புத்தகத்தில் உண்டு, கேள்வியாகவும் வரும். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு தலைவரும் துணைத் தலைவரும் ஒரே பேருந்தில் கொல்லப்பட்டது மட்டும் 'சம்பவம்'. துயரச் சம்பவம், விரும்பத்தகாத சம்பவம், இரு தரப்பு மோதல் சம்பவம்! கையில் மனு நகலோடு பேருந்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எந்தத் தரப்போடு மோதினார்கள்?

நம் அரசுகளுக்கு நாட்களை நினைவில் வைக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிறந்த நாளும் நூற்றாண்டும் கொண்டாடுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. மேலவளவு வழக்கில் சேலம் நீதிமன்றம் 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 2008-இல் அண்ணா நூற்றாண்டு வந்தது. கைதிகளுக்கு விடுதலை என்றார்கள், அதில் மேலவளவுக் குற்றவாளிகள் 3 பேர் வெளியே வந்தார்கள். பிறகு எம்.ஜி.ஆர். நூற்றாண்டு வந்தது, அதன் பெயரால் 2019 நவம்பரில் 13 பேர் வெளியே வந்தார்கள். முதலாவது தி.மு.க. ஆட்சி, இரண்டாவது அ.தி.மு.க. ஆட்சி. எல்லாவற்றிலும் சண்டை போடும் இரண்டு கட்சிகளும் சத்தமில்லாமல் ஒத்துப்போன இடம் இது. ஆயுள் கைதிகளை வாழ்நாள் முழுக்கச் சிறையில் வைக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. முன்விடுதலை ஒரு மனித உரிமை, அதை நாம் எல்லோரும் ஆதரிக்கிறோம். கேட்பது வேறு. கொன்றவர்கள் வீடு திரும்ப இரண்டு தலைவர்களின் பிறந்த நாள் பயன்பட்டிருக்கிறது. கொல்லப்பட்டவர்களின் இறந்த நாள் இந்த அரசின் எந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது?

இனி நம் பக்கம் வருகிறேன் தோழர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். மேலவளவில் நினைவிடம் இருக்கிறது, விடுதலைக் களம் என்று பெயர். ஒவ்வோர் ஆண்டும் தலித் இயக்கங்கள் அங்கே போகின்றன, மலர் வைக்கின்றன. அன்று மாலை என் முற்போக்கு நண்பர்கள் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து 'வீரவணக்கம்' போடுகிறார்கள். மறுநாள் காலை அது மறைந்துவிடும். ஒருவர் என்னிடம் உண்மையான அக்கறையோடு, "இன்னைக்கு உங்க நாள்ல?" என்று கேட்டார். ஏப்ரல் 14-ஐயும் டிசம்பர் 25-ஐயும் இப்படித்தான் எங்களுக்கு எழுதிக் கொடுத்தீர்கள். மேலவளவில் வெட்டப்பட்டது வாக்குச்சீட்டு. அது எப்படி ஒரு சேரியின் துக்கமாக மட்டும் சுருங்கியது? உள்ளாட்சி ஜனநாயகம் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் கூட்டத்தில் முருகேசன் பெயர் ஏன் வருவதில்லை?

தமிழ்நாடு அரசு நவம்பர் 1-ஐ உள்ளாட்சி நாளாக அறிவித்தது. அன்று கிராம சபையும் உண்டு. மகிழ்ச்சி. ஆனால் இந்த மண்ணில் உள்ளாட்சிக்காக உயிர் கொடுத்தவர்களுக்கு ஒரு தேதி இருக்கிறதே, அது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? முடியாத காரியமா என்றால் ஜார்க்கண்டைப் பாருங்கள். 1855 ஜூன் 30 அன்று போக்னாதியில் சித்து, கானு தலைமையில் ஆயிரக்கணக்கான சந்தால்கள் கூடிக் கிளர்ச்சியை அறிவித்தார்கள். அந்த நாளை அங்கே 'ஹூல் திவஸ்' என்று அரசே கடைப்பிடிக்கிறது. அதே தேதி, அதே வெயில் காலம்.

இது முடிந்துபோன கதையாக இருந்தால் நானும் விட்டுவிடுவேன். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து ஆண்டுகள் தேர்தலே நடக்கவிடவில்லை, 2006-இல்தான் நடந்தது. 2020 சுதந்திர நாளில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியலினத் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளியானது. 2022-இல், பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒரு கயிற்றை இழுப்பதற்குத் தலைமைச் செயலகத்தின் கடிதம்!

எங்கள் ஊராட்சித் தலைவர் எனக்குச் சித்தி முறை. நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். போன சுதந்திர நாளில் அவர்தான் கொடியேற்றினார், யாரும் தடுக்கவில்லை. ஆனால் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை அவர் கையில் கொடுத்தது துணைத் தலைவர். இழுத்ததும் வாங்கிக்கொண்டதும் அவரே. பத்து வினாடிகூட சித்தி கையில் கயிறு இல்லை. "பரவால்லடா, போட்டோவுல நான்தான இருக்கேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் இந்த முறை ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. எங்கள் தெருவிலும் ஊர்த் தெருவிலும் இருபத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். ஊர்த் தெருவில் கிடைத்தது நான்கு; அதில் ஒருத்தி என்னோடு பத்தாவது படித்தவள், அப்பாவுக்குத் தெரியாமல் போட்டாள். ஜூன் 30 அன்று சிறப்புக் கிராம சபை கூட்ட வேண்டும், மேலவளவு ஆறு பேருக்கு அஞ்சலித் தீர்மானம் போட வேண்டும், தலைவர் நாற்காலியில் தலைவரே உட்கார்ந்து தீர்மானத்தை வாசிக்க வேண்டும். இவ்வளவுதான் மனு. உங்கள் ஊருக்கும் இது பொருந்தும், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊராட்சிச் செயலர் மனுவை இரண்டு முறை படித்தார். "ஜூன் 30-ல என்னப்பா விசேஷம்?" என்று கேட்டார். சொன்னேன். உட்காரச் சொன்னார். சித்தியை ஃபோனில் கூப்பிட்டு, "தலைவரம்மா, கொஞ்சம் ஆபீஸ் வரைக்கும் வாங்க" என்றார்.