அக்கரையிலிருந்து அம்மா வந்தால்...

"அம்மாவுக்கு 80 வயதாகிறது. இலங்கையில் பதுளைப் பக்கம் இருக்கிறாள். இங்கே அழைத்து வந்து எங்களோடு வைத்துக் கொள்ளலாமா?" என்று கம்பத்துச் சகோதரி ஒருத்தி கேட்டிருக்கிறாள். நான் ஹட்டனிலிருந்து என் அம்மாவைப் போடிக்கு அழைத்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

எங்களைப் போன்ற குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்து கொண்ட ஒப்பந்தப்படி, மலைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். தாய் ஒரு கணக்கில், மகள் ஒரு கணக்கில் என்று போன வீடுகள் எத்தனையோ! கல்யாணமான கையோடு நான் புகுந்த வீட்டாருடன் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து சேர்ந்தேன். அம்மா என் தம்பியோடு தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். 1984-ல் அந்தக் கப்பலும் நின்று போயிற்று. அங்கே நாடற்றவர்களாக இருந்தவர்களுக்கு 2003-ல் ஒரு சட்டம் குடியுரிமை கொடுத்தது. அம்மாவும் அப்படித்தான் இலங்கைப் பிரஜை ஆனாள். ஆக, பெற்ற மகள் வீட்டுக்கு வரும்போது சட்டப்படி அவள் வெளிநாட்டுக்காரி!

முதலில் அவளைக் கேளுங்கள்

பிள்ளைகள் நாம் கூடிப் பேசி முடிவெடுத்து விட்டு, கடைசியில் அம்மாவுக்குச் சொல்கிறோம். அது கூடாது. நான் கேட்டபோது அம்மா யோசித்துச் சொன்னாள்: "வர்றேன். ஆனா திரும்பிப் போறதுக்கு டிக்கெட் காசு என் கையிலயே இருக்கணும்." என் வீட்டுக்காரருக்கு முதலில் மனசு சுருக்கென்றது. "மாப்பிள்ளை வீட்டில் நம்பிக்கை இல்லையா?" என்றார். நம்பிக்கையின் விஷயமில்லை. அப்பாவைப் புதைத்த இடம் அங்கே இருக்கிறது. தம்பி பிள்ளைகள் அங்கே. வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மனசு இங்கே நிற்கும். பணத்தைக் கையில் கொடுத்தோம். இன்றும் அவள் சுருக்குப் பையில் பத்திரமாக இருக்கிறது.

காகிதங்கள்

டூரிஸ்ட் விசாவில் கூட்டி வந்து, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இருக்காதீர்கள். இந்திய வம்சாவளியினருக்கென்று தனி நுழைவு விசா உண்டு. ஓ.சி.ஐ. அட்டை கிடைத்தால் இன்னும் நிம்மதி. அது ஆயுள் முழுக்கச் செல்லும் விசா போல. போலீஸ் பதிவும் தேவையில்லை. ஆனால் ஓட்டுரிமை கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது. பெற்றோர், தாத்தா பாட்டி, அவர்களுக்கு முந்தியவர்கள் இந்தியாவைச் சேர்ந்தவர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். அதுதான் கஷ்டம். பழைய பாஸ்போர்ட், பிறப்புப் பதிவு என்று டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு துண்டுக் காகிதத்தையும் எறிய விடாதீர்கள். கொழும்பு இந்தியத் தூதரகத்திலோ, கண்டியிலுள்ள அதன் கிளையிலோ புறப்படுமுன் கேட்டுத் தெளியுங்கள். 180 நாளுக்கு மேல் தங்கும் விசாவானால், பொதுவாக வந்த 14 நாளுக்குள் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

உடம்பு

ஹட்டன் குளிர்ந்த மலை. போடியோ மலையடிவாரத்து ஊர். சித்திரை வெயிலில் தாய்ச்சுவர்கூடக் கொதிக்கும். வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சி குறைந்து விடும். கேட்டால் "வேணாம்" என்பார்கள். ஆகவே கேட்காதீர்கள், நேரம் வைத்து மோரோ, நீரோ, கஞ்சித் தண்ணியோ கையில் கொடுங்கள். சிறுநீர் மஞ்சளாகப் போனாலும், திடீரென்று பேச்சுக் குழறி இடம் தெரியாமல் விழித்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இருதயத்துக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தாலோ, பிரஷருக்கு நீர் போகும் மாத்திரை சாப்பிட்டாலோ, வெயில் காலத்துக்கு என்ன அளவு என்று டாக்டரையே கேளுங்கள். நாமாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது.

மருந்து இரண்டு மூன்று மாதத்துக்குக் கொண்டு வரட்டும், டாக்டர் சீட்டோடு. கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். உள்ளிருக்கும் மருந்தின் பெயரை எழுதி வாங்கிக் கொண்டால் இங்குள்ள டாக்டருக்குக் குழப்பமில்லை. வந்த வாரத்திலேயே பிரஷர், சர்க்கரை, சிறுநீரகம், கண் எல்லாம் பார்த்து விடுங்கள். பாத்ரூமில் பிடித்துக் கொள்ள ஒரு கம்பி, இரவில் ஒரு சின்ன விளக்கு. இந்த இரண்டும் எலும்பு முறிவு வைத்தியத்தைவிட மலிவு.

கைக்கு வேலை

'உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன்' என்று எதையும் தொடவிடாமல் வைப்பது பாசமாகத்தான் தெரியும். அம்மா நாலாம் நாளே சொல்லிவிட்டாள்: "நான் என்ன இங்க குந்திக்கிட்டு சோறு திங்கவா வந்தேன்?" 40 வருஷம் கொழுந்து எடுத்த கை அது. ஏலக்காய் ஊரில் வேலைக்கா பஞ்சம்? வீட்டுக்கு வாங்கிய காயை முறத்தில் கொட்டிக் கொடுத்தேன். காம்பு கிள்ளி, வெடித்தது வேறு, பச்சைக் காய் வேறு என்று பார்க்காமலே விரல் பிரித்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கிடங்கில் காய் பொறுக்குகிறவர்கள். அவர்களே வாய் பிளந்தார்கள். சாயங்காலம் முறத்தை நீட்டி, "இன்னிக்கு எனக்கு முழுப் பேரு போடணும்" என்றாள். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. அன்றிலிருந்து தெருவில் அவளுக்குச் சிநேகிதிகள்!

கேட்கத் தயங்கும் கேள்வி

செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று உடன்பிறந்தவர்களோடு முன்பே பேசி விடுங்கள். பார்த்துக் கொள்கிற பெண்ணுக்கும் மாதத்தில் இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். அதையும் அப்போதே சொல்லி விடுங்கள்.

இன்னொன்று. கடைசிக் காலம் எங்கே என்பதையும் அவள் தெளிவாக இருக்கும்போதே கேட்க வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. தம்பிதான் போனில் கேட்டான். அம்மா சிரித்தாள். "உங்கப்பா பக்கத்துல எடம் இருக்கு. ஆனா பொணத்தத் தூக்கிக்கிட்டுக் கடல் தாண்டி அலையாதீங்க. எங்க கண்ண மூடுறேனோ, அங்கயே வச்சிடுங்க" என்றாள். அதன் பிறகு எங்கள் மூவருக்குமே பாரம் இறங்கிற்று.

கம்பத்துச் சகோதரிக்கு என் பதில் இதுதான்: தாராளமாக அழைத்து வாருங்கள். ஆனால் நாளைக்கே டிக்கெட் எடுக்க வேண்டாம். முதலில் போன் போட்டு, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.