கிரிப்டோவோடு பெயரும் பயணிக்கிறது... அந்தப் பெயருக்கு யார் காவல்?

கோவையில் ஐடி வேலை பார்க்கும் ஒருவர், எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து நண்பருக்கு கிரிப்டோ அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பு வாலெட் முகவரி போதும். இப்போது பெறுபவர் யார், எந்த எக்ஸ்சேஞ்ச் என்று ஆப் கேட்கிறது. ‘என் காசை அனுப்ப எதுக்குங்க இத்தனை கேள்வி?’ என்ற எரிச்சல் இயல்புதான்.

2023 மார்ச் 7-ல் கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தன. கேஒய்சி கட்டாயம், சந்தேகப் பரிவர்த்தனையை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். அனுப்புபவர், பெறுபவர் விவரமும் கூடவே போக வேண்டும். இதுதான் ‘டிராவல் ரூல்’. இந்தச் சட்டத்தை மீறியதாக, உலகின் பெரிய எக்ஸ்சேஞ்சான பைனான்ஸுக்கு 2024 ஜூனில் ரூ.18.82 கோடி அபராதம் விழுந்தது.

இந்தக் கண்காணிப்பு ஏன் தேவை என்று கொங்கு மண்டலத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆன்லைன் ஃபாரெக்ஸ் பெயரில் நடந்த திருப்பூர் பாசி மோசடியில் சுமார் ரூ.930 கோடி போனது. 2022 ஆகஸ்டில்தான் கோவை நீதிமன்றம் 27 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. பணம் போன தடம் தெரியாவிட்டால் மீட்பது குதிரைக்கொம்பு.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிட்காயின், எத்தீரியம் போன்ற பிளாக்செயின்களில் பரிவர்த்தனைகள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பெயர் மட்டும்தான் தெரியாது. அந்தப் பெயர் ஒருமுறை கசிந்தால், அந்த வாலெட்டின் பழைய கணக்கெல்லாம் அம்பலம். அழிக்கவும் முடியாது. ஊழியர்கள் சிலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு சுமார் 69,000 வாடிக்கையாளர்களின் விவரங்களைக் கொடுத்துவிட்டதாக, அமெரிக்காவின் காயின்பேஸ் 2025-ல் ஒப்புக்கொண்டது. பணம் வைத்திருப்பவரின் வீட்டு முகவரி திருடன் கையில் கிடைத்த மாதிரிதான்.

அப்படியென்றால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா? வேண்டாம். மாஸ்க்டு ஆதாரில் கடைசி 4 எண்கள் மட்டுமே தெரிகின்றன. அடையாளச் சான்றாகவும் அது செல்கிறது. ‘ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப்’ இன்னும் ஒரு படி மேலே: ‘இவர் கேஒய்சி முடித்தவர், தடைப் பட்டியலில் இல்லை’ என்பதைப் பெயரைக் காட்டாமலே நிரூபிக்கும் கணித முறை. சந்தேகம் வந்தால் மட்டும் சட்டப்படி பெயரைத் திறக்கும்படி இதை அமைக்கலாம்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. அரசு கேள்வி கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் தேவையானதை மட்டும் கேட்க வேண்டும். வாங்கிய விவரத்தைக் கோட்டை விடும் நிறுவனத்துக்கும், கேஒய்சி செய்யாத நிறுவனத்துக்கு விழும் அதே கடுமையோடு அபராதம் விழ வேண்டும்.