எழுத்தும் ஓர் அணிகலனே

பிள்ளைகளுக்கு நகை பூட்டி மகிழ்வது பெற்றோரின் இயல்பு. அந்நகையில் பிள்ளையின் பெயரெழுத்தைப் பொறிக்கும் வழக்கமும் நம் தோட்டப்புறங்களில் பரவி வருகிறது. நல்ல வழக்கந்தான். ஆயினும், அஃது எம்மொழி எழுத்தாக இருத்தல் வேண்டும் என்பது குறித்து நம் கருத்தைக் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி புதுச் சங்கிலியோடு பள்ளிக்கு வந்தாள். பதக்கத்தில் அவள் பெயரின் முதலெழுத்து ஆங்கிலத்தில் மின்னியது. பால்மரம் வெட்டிச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அதனை வாங்கித் தந்தவர் அவளுடைய பாட்டி. "நல்லா இருக்குங்களா ஐயா? அதுல என்ன எழுத்துன்னுதான் எனக்குத் தெரியாதுங்க" என்றார். அம்மூதாட்டி தோட்டப் பள்ளியில் தமிழ் பயின்றவர். செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பவர். வாங்கித் தந்தவரே படிக்க இயலாத எழுத்தைப் பேத்தி அணிந்திருந்தாள். அன்று முதல் இஃது நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நகையில் எழுத்துப் பொறித்தல் நமக்குப் புதிதன்று. தமிழகத்தில் கரூரை அடுத்த அமராவதி ஆற்றுப்படுகையில், பழந்தமிழ் எழுத்தில் ஆட்பெயர் பொறித்த மோதிரங்கள் கிடைத்துள்ளன. முத்திரையிடுங்கால் பெயர் நேராகப் பதியும் பொருட்டு எழுத்துகளை இடம்வலமாக மாற்றிச் செதுக்கிய மோதிரங்களும் அவற்றுள் உண்டு.

கடல்கடந்தும் இக்கலை வந்தது. நமக்கு வடக்கே, தாய்லாந்தின் கிராபி மாநிலத்துக் குளோங் தோம் என்னும் ஊரில், பொன்னின் மாற்றறியும் உரைகல் ஒன்று கிடைத்தது. அதில் 'பெரும்பதன் கல்' என்று பழந்தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பர் அறிஞர். பொற்கொல்லரைப் 'பத்தர்' என்று நாம் இன்றும் அழைப்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். நம் பேராக் மாநிலத்துக் கோலா செலின்சிங்கிலோ, விஷ்ணுவர்மன் என்னும் பெயரை வடமொழியில் செதுக்கிய சூதுபவள முத்திரை கண்டெடுக்கப்பட்டது. அவ்வூர் மணிகள் செய்த தொன்மையான இடமுமாகும்.

நம்மோடு வாழும் பிற இனத்தாரைப் பாருங்கள். சீனர் நற்பேற்றைக் குறிக்கும் எழுத்தையும், திருமணத்திற்குரிய இரட்டை மகிழ்ச்சி எழுத்தையும் நகைகளில் பொறித்துப் பெருமையோடு அணிகின்றனர். கிளந்தான், பட்டாணி அரசுகளின் பழம்பொற்காசுகளில் அரபு எழுத்துகள் அழகு செய்கின்றன. ஆங்கில எழுத்தை வெறுக்குமாறு நாம் கூறவில்லை. அம்மொழியையும் நம் பிள்ளைகள் செவ்வனே கற்கட்டும். நம் எழுத்து மட்டும் நகைக்கு ஆகாது என்னும் எண்ணமே தவறு என்கிறோம்.

"தங்கம் விற்கும் விலையில் இஃதெல்லாம் நமக்கு ஆகுமா?" எனச் சிலர் வினவலாம். கைவேலைக்குத் தங்கம் வேண்டுவதில்லை. மெல்லிய செப்புக்கம்பி போதும். ரப்பர் மரத்தடியில் கிடக்கும் புள்ளியிட்ட விதையும், தேங்காய்ச் சிரட்டைத் துண்டும் போதும். ஓலையில் எழுத்தாணியால் எழுதி எழுதி வளைந்தவை நம் எழுத்துகள் என்பர். ஆதலின் அவை கம்பிக்கு நன்கு வளைந்து கொடுக்கும். 'உ' என்னும் எழுத்தை ஒரே கம்பியில் அறுபடாமல் வளைத்துவிடலாம். 'ப', 'ட' ஆகியவற்றிற்குக் கம்பியை மடித்தால் போதும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு சிறுமணியைக் கோக்கலாம். அழகு கருதிப் புள்ளியை விட்டுவிட்டால் 'கண்ணன்' 'கணணன' ஆகிவிடுவான்! கம்பியை வளைத்த கை அவ்வெழுத்தை எளிதில் மறவாது.

கல்வியும் கைத்தொழிலும் இணைந்து செல்லுதல் நம் ஊருக்கு அயலானதன்று. 1922ஆம் ஆண்டில் தஞ்சோங் மாலிமில் தோற்றுவிக்கப்பெற்ற சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில், மலாய் ஆசிரியர்களுக்குக் கூடை முடைதலும் கற்பிக்கப்பட்டது. நம் கலைக்கல்வி வகுப்பிலும் ஒவ்வொரு மாணவரும் தம் பெயரைத் தமிழில் வளைத்து அணிகலனாக்கலாமே!

பெற்றோர்களே! அடுத்த முறை பத்தரிடம் செல்லுங்கால், பிள்ளையின் பெயரை அப்பிள்ளையே தமிழில் எழுதிய தாளை உடன் கொண்டு செல்லுங்கள். மாணவச் செல்வங்களே! எழுத்தைக் கழுத்தில் அணியுமுன் கருத்தில் அணியுங்கள். நும் பாட்டி அதனைத் தொட்டுப் பார்த்து, வாய்விட்டுப் படித்து மகிழட்டும். அம்மகிழ்ச்சிக்கு ஈடான பொன் எக்கடையிலும் இல்லை.