ஆசை இருந்தால் அரங்கேறிவிடலாமா?

சென்ற இதழில் ‘பாலெரினா’ அனிமேஷன் படத்தைப் புகழ்ந்து வெளியான கட்டுரைக்கு இந்த எதிர்வினை. எரிக் சம்மரும் எரிக் வாரினும் இயக்கி 2016இல் வெளிவந்த அந்தப் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. தாராளமாகக் காட்டலாம், பாரிஸை அவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார்கள். ஆனால் படம் அரைகுறையாகச் சொன்ன பொய்யைக் கட்டுரையாளர் முழுப் பொய்யாக்கி, வாழ்க்கைப் பாடம் என்று அதற்குப் பட்டமும் கட்டிவிட்டார். அதைத்தான் சும்மா விட முடியவில்லை.

அவர் வாதம் மூன்று. பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்த பாரிஸ் ஓபராவுக்குள் ஓர் அநாதைச் சிறுமி தன் ஆசையின் பலத்தால் நுழைகிறாள் என்பது ஒன்று. பயிற்சியைவிட வேட்கையே பெரிது என்று படம் நிரூபிக்கிறதாம், இது இரண்டு. குழந்தைகள் படத்தில் போய் வரலாறு தேடுவது வறட்டுத்தனம் என்பது மூன்று.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுவோம். சுதந்திர தேவி சிலை பாரிஸைவிட்டுக் கப்பலேறியது 1885இல்; ஈஃபிள் கோபுர வேலை தொடங்கியது 1887இல். படத்தில் இரண்டும் ஒரே சமயத்தில் எழும்புகின்றன. இருக்கட்டும். 1892இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய ‘நட்கிராக்கர்’ பாலே, கோபுரம் எழுந்து முடிவதற்குள்ளேயே பாரிஸில் ஒத்திகை பார்க்கப்படுகிறது. அதுவும் போகட்டும். ஒரு வருத்தம் மட்டும் உண்டு. படத்தில் வரும் நடன ஆசிரியர் மெராந்த், நடனக்காரி ரோசிட்டா மௌரி இருவரும் அந்த ஓபராவில் வாழ்ந்த நிஜ மனிதர்கள். லூயி மெராந்த் 1880இல் அமைத்து ரோசிட்டா நாயகியாக ஆடிய ‘லா கொரிகான்’ பாலே, பிரான்ஸின் பிரிட்டனிப் பகுதியில் நடக்கும் கதை. படத்தின் நாயகி ஃபெலிசியும் பிரிட்டனியிலிருந்து வருகிறவள்தான்! வீட்டிலேயே இருந்ததைத் தேடாமல் ரஷ்யாவரை போயிருக்கிறார்கள்.

முதல் வாதத்துக்கு வருகிறேன். கட்டுரையாளர் தலைகீழாக நிற்பது இங்கேதான். படத்தில் ஃபெலிசி, கமீல் என்ற சீமான் வீட்டுப் பெண்ணுக்கு வந்த சேர்க்கைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, அவள் பெயரில் ஓபராவுக்குள் போகிறாள். ஏழைக்கு வேறு வழி ஏது என்று கட்டுரையாளர் உருகுகிறார். வழி இருந்தது ஐயா, அகலமாகவே இருந்தது. அந்தக் காலத்து ஓபரா பள்ளியில் ‘சின்ன எலிகள்’ என்று பாரிஸ் அழைத்த சிறுமிகளில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கொண்டுவந்த சம்பளத்தில் குடும்பம் நடந்தது. கமீல் போன்ற வீட்டுப் பெண்கள் ஓபராவுக்கு வேடிக்கை பார்க்கப் போவார்களே ஒழிய, ஆடப் போகமாட்டார்கள். காரணம் ஊரறிந்தது. ஆண்டுச் சந்தா கட்டிய கனவான்களுக்கு மேடைக்குப் பின்னால் இருந்த நடனக் கூடம்வரை போய்வர உரிமை இருந்தது. அங்கே அவர்கள் கலை பேசப் போகவில்லை.

இதைக் குழந்தைகள் படம் காட்ட வேண்டியதில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கட்டுரை எழுதியது பெரியவர்களுக்கு. வர்க்கம் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறவர், எந்த வர்க்கம் மேடையில் ஆடியது, எந்த வர்க்கம் நாற்காலியில் சாய்ந்து பார்த்தது என்பதையாவது தெரிந்துகொண்டிருக்க வேண்டாமா?

ஆசைப்பட்ட ஏழைச் சிறுமியின் நிஜக் கதை வேண்டுமென்றால் மரி வான் கோதெம் இருக்கிறாள். பெல்ஜியத்திலிருந்து வந்த குடும்பம். தாய் சலவைத் தொழிலாளி. 1881இல் ஓவியர் டெகா காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயதுச் சின்ன நடனக்காரி’ சிலைக்கு மாடல் அவள்தான். மெழுகு உடம்புக்கு நிஜத் துணியில் பாவாடை, தலைக்கு நிஜ முடி, மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நிற்பு. பார்த்த விமர்சகர்கள் பலர் அந்தச் சிறுமியைக் குரங்கு என்றும் அசிங்கம் என்றும் ஏசினார்கள். அடுத்த ஆண்டே ஓபரா அவளை வேலையிலிருந்து நீக்கியது. அவளுடைய தங்கை லூயிஸ் ஜோசஃபீனோ அதே ஓபராவில் நிலைத்து ஆடி, பின்னால் ஆசிரியையும் ஆனாள். ஒரே தாய், ஒரே வறுமை, ஒரே பள்ளி. இதில் யாருடைய வேட்கை குறைச்சல் என்று கட்டுரையாளர் எடைபோட்டுச் சொல்லட்டும்.

இரண்டாவது வாதம்தான் விஷம். படத்தில் ஃபெலிசி எவ்வளவு காலம் பயில்கிறாள்? நாள் கணக்கில்தான். அவளுக்குப் பயிற்சி தரும் ஒடெட் மரக்கிளையில் மணியைக் கட்டிவிட்டுக் குதித்து அடிக்கச் சொல்கிறாள். கொஞ்ச நேரத்தில் கால் வசப்பட்டுவிடுகிறது. நிஜத்தில், விரல்நுனியில் நின்று ஆட அணியும் பாயின்ட் ஷூவை மாட்டும் முன் வருடக்கணக்கில் கம்பியைப் பிடித்து நின்று கணுக்காலையும் பாதத்தையும் பழக்க வேண்டும். துணி அடுக்குகளைப் பசையிட்டு இறுக்கிய அந்தச் சின்ன முனையில் உடம்பின் மொத்த எடையும் இறங்குகிறது. பழகாத கால் அதில் ஏறினால் கனவு பலிக்காது, எலும்புதான் கெடும்.

சிறுவயதிலிருந்து அந்த உழைப்பைச் செய்தவள் படத்திலேயே ஒருத்தி இருக்கிறாள்: வில்லியாக்கப்பட்ட கமீல். பாத்திரத்துக்கான தேர்வில், ஏன் ஆடுகிறாய் என்று மெராந்த் கேட்கும்போது, அம்மா சொன்னதால் என்கிறாள், அதோடு தோற்றுப்போகிறாள். பதிலைக் கேட்டுப் பாத்திரம் கொடுப்பதென்றால் அது நேர்காணல், நடனத் தேர்வு அல்ல. தாயின் கட்டாயத்தில் வளர்ந்த அந்தக் குழந்தைக்காகக் கட்டுரையாளர் ஒரு வரிகூட இரங்கவில்லை. அவருடைய கருணை கதாநாயகிக்கு மட்டும்தான்போல.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் மெய்மறந்து பாராட்டுகிற அந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது? பாரிஸ் ஓபராவின் உச்சப் பட்டமான ‘எத்துவால்’ பெற்ற ஒரேலி துப்போனும் ஜெரெமி பெலங்காரும் அமைத்துக் கொடுத்தது அது. ஒரேலி ஓபரா பள்ளியில் சேர்ந்தது 1983இல். அந்தப் பட்டம் கிடைத்தது 1998இல். இடையில் 15 ஆண்டுகள். பயிற்சி வேண்டாம் என்று முழங்கும் கட்டுரை, அந்தப் பதினைந்து ஆண்டுப் பயிற்சியைப் பார்த்துத்தான் கைதட்டியிருக்கிறது.

ஆசை இருந்தால் போதும் என்று ஏழைக் குழந்தையிடம் சொல்வது ஊக்கம் அல்ல, ஏமாற்று. தோற்றாலும் பணக்காரக் குழந்தைக்கு விழ மெத்தை இருக்கிறது. ஏழைக் குழந்தைக்கு இருப்பது பயிற்சி ஒன்றுதான். அதையும் அற்பம் என்று தட்டிவிட்டால் அவளிடம் மிச்சம் என்ன? கட்டுரையாளர் அடுத்த முறை நடனம் பற்றி எழுதும் முன், ஏதாவது ஒரு நடன வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும்.