எழுதியவளே பேசட்டும்

கருத்தரங்கு என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன மேடையும், ஒலிபெருக்கியும், பொன்னாடையும், அச்சடித்த சான்றிதழும்தான். பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர் கருத்தரங்குக்கு அழைப்பு வந்துவிட்டால் பள்ளிக்கூடங்களில் பொதுவாக என்ன நடக்கிறது? நல்ல குரல் யாருக்கு என்று தேடுகிறார்கள். கட்டுரையை வேறொருவர் எழுதித் தருகிறார். அண்ணன் எழுதுவான், தெரிந்த கல்லூரி ஆசிரியர் எழுதுவார், இந்நாளில் கைப்பேசியே எழுதித் தந்துவிடுகிறது. குரல்வளம் உள்ள பெண் அதை மனப்பாடம் செய்து, ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். இதைக் குறை சொன்னால் சிலருக்கு வருத்தம் உண்டாகலாம். ஆயினும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சொல்லத்தான் போகிறோம். ஒப்பித்தல் பேச்சுப் போட்டிக்குப் பொருந்தும்; கருத்தரங்குக்குப் பொருந்தாது.

ஏனெனில் கருத்தரங்கில் பேச்சு முடிந்தபின் கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. "இந்தக் கணக்கு உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்டால், எழுதியவள் பதில் சொல்வாள், ஒப்பித்தவள் தன் ஆசிரியையின் முகத்தைப் பார்ப்பாள். கட்டுரையின் உயிர் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. அந்த உயிர் எப்படி உண்டாகிறது என்பதற்கு, உண்மையில் நடந்த ஒரு கருத்தரங்கின் கதையைக் கேளுங்கள்.

வட அயர்லாந்தில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோஸ்லின் பெல். அவர் சிறுமியாய் இருந்தபோது பள்ளியில் பையன்களை அறிவியல் கூடத்துக்கும், பெண்களைச் சமையல் வகுப்புக்கும் அனுப்பினார்கள். பெற்றோர் சென்று வாதாடியபிறகே அவருக்கு அறிவியல் வகுப்பில் இடம் கிடைத்தது. (பெற்றோர்களே, இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டுகிறோம்.) பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாய்ச் சேர்ந்தார். அவருடைய ஆய்வு வழிகாட்டி ஆன்டனி ஹியூவிஷ் திட்டமிட்ட வானொலித் தொலைநோக்கி ஒன்றை அங்கே கட்டிக்கொண்டிருந்தார்கள். தொலைநோக்கி என்றதும் குழாயும் கண்ணாடியும் என்று எண்ணிவிடாதீர்கள். 4½ ஏக்கர் வயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களை நட்டு, அவற்றினிடையே 120 மைல் நீளத்துக்குக் கம்பி இழுத்திருந்தார்கள். சம்மட்டி பிடித்துக் கம்பம் அடித்தவர்களில் ஜோஸ்லினும் ஒருவர்.

1967 ஜூலையில் கருவி ஓடத் தொடங்கியது. வானிலிருந்து வந்த வானொலி அலைகளைப் பேனாக்கள் தாளில் கோடுகளாக வரைந்தன. நாள் ஒன்றுக்கு 96 அடித் தாள்! அதனை அங்குலம் அங்குலமாகக் கண்ணால் பார்ப்பது ஜோஸ்லினின் வேலை. வானம் முழுவதையும் ஒருமுறை சுற்றிவர நான்கு நாள் ஆகும். ஏறக்குறைய 400 அடித் தாள் சேரும். அவ்வளவு நீளத்தில் ஓர் அங்குலத்துக்கும் குறைவான இடத்தில், வேறெதனோடும் ஒத்துப்போகாத சிறு கிறுக்கல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. விண்மீன் தந்த கோடு போலவும் இல்லை. மனிதர் செய்யும் வானொலி இரைச்சல் போலவும் இல்லை. இதேபோன்ற ஒன்றை, வானத்தின் இதே பகுதியில் முன்னரே பார்த்திருக்கிறோமே என்று அவருக்கு நினைவு வந்தது. அந்தத் தாளைப் புரட்டாத ஒருவருக்கு இந்த நினைவு வந்திருக்குமா?

தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தால் அந்தக் கிறுக்கல் விரிந்து தெரியும். அதற்காக நாள்தோறும் உரிய நேரத்தில் ஆய்வு நிலையத்துக்குப் போனார். வாரக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. ஒருநாள் ஒரு விரிவுரை கேட்கச் சென்று பதிவைத் தவறவிட்டார். பார்த்தால், அன்றைக்கென்று அது வந்து போயிருக்கிறது! (கருத்தரங்கு கேட்கப் போவதிலும் ஆபத்து உண்டு போலும்.) கடைசியில் 1967 நவம்பர் 28 அன்று அகப்பட்டது. கடிகாரம் அடிப்பதுபோல 1⅓ விநாடிக்கு ஒரு துடிப்பு. தொலைபேசியில் செய்தியைக் கேட்ட ஹியூவிஷ், இது மனிதர் செய்த ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றார். மறுநாள் தாமே வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். துடிப்பு மீண்டும் வந்தது.

இதற்குப் பிறகு நடந்தவற்றையே நாங்கள் உண்மையான தயாரிப்பு என்கிறோம். உடனே ஓடிப்போய் மேடை ஏறவில்லை அவர்கள். சந்திரனில் பட்டுத் திரும்பும் ராடார் அலையோ? செயற்கைக்கோளோ? அருகிலுள்ள தகரக் கட்டடம் செய்யும் மாயமோ? ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்கினார்கள். எங்கள் கருவியே பொய் சொல்கிறதோ என்ற ஐயமும் எழுந்தது. எனவே ஸ்காட், காலின்ஸ் என்னும் இருவர் வேறொரு தொலைநோக்கியால் அதே இடத்தைப் பார்த்தார்கள். குறித்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. என்னவாயிருக்கும் என்று பேசிக்கொண்டே மற்றவர்கள் தாழ்வாரத்தில் நடக்கத் தொடங்கியபோது, பின்னால் நின்ற காலின்ஸ் "இதோ வந்துவிட்டது!" என்று குரல் கொடுத்தார். நேரக் கணக்கில் சில நிமிடப் பிழை இருந்திருக்கிறது, அவ்வளவுதான். பில்கிங்டன் என்பவர் அதன் தொலைவை மதிப்பிட்டார். கதிரவன் குடும்பத்துக்கு வெகு அப்பால், ஆனால் நம் பால்வெளிக்கு உள்ளே.

அத்தனை ஒழுங்கான துடிப்பை வேற்றுலகத்தார் யாரேனும் அனுப்புகிறார்களோ என்ற எண்ணமும் அவர்களுக்கு வராமல் இல்லை. அதற்கு "பச்சைக் குள்ளர்" என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார்கள். 1967 கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு, வேறொரு வேலையாக ஹியூவிஷின் அறைக்குச் சென்ற ஜோஸ்லின், இந்த முடிவை உலகுக்கு எப்படி அறிவிப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டார். அன்று முடிவு ஏதும் ஏற்படவில்லை. பட்டம் வாங்க உழைக்கும் நேரத்தில் இந்தக் குள்ளர்களுக்கு என் கம்பிதானா கிடைத்தது என்று சினந்துகொண்டே வீட்டுக்குப் போனாராம். உணவுக்குப்பின் ஆய்வகத்துக்குத் திரும்பித் தாளைப் பார்த்தபோது, வானத்தின் வேறொரு மூலையிலும் அதே கிறுக்கல்! நள்ளிரவு கடந்து, கடுங்குளிரில் ஆய்வு நிலையத்துக்குப் போய், குளிரில் சரியாக வேலை செய்யாத கருவிமேல் மூச்சுவிட்டு ஐந்து நிமிடம் ஓடவைத்தார். அங்கே 1.2 விநாடிக்கு ஒரு துடிப்பு. இரண்டு மூலைகளிலிருந்து இரண்டு கூட்டத்தார் ஒரே சமயத்தில் நம்மை அழைப்பார்களா என்ன? பச்சைக் குள்ளர் ஓடிப்போனார்கள். அறைக்குள் பேசித் தீராத கேள்வியைக் குளிரில் நின்ற மாணவி தீர்த்துவைத்தார்.

1968 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் கருத்தரங்கு கூடியது. நகரத்து வானியல் அறிஞர் அனைவருமே வந்துவிட்டார்களோ என்று தோன்றும்படி கூட்டம். மேடையில் நின்று அறிவித்தவர் யார்? ஹியூவிஷ். ஜோஸ்லின் கேட்போரிடையே இருந்தார். பேச்சு முடிந்ததும் ஃபிரெட் ஹாயில் என்னும் புகழ்பெற்ற அறிஞர் எழுந்து, இவை வெள்ளைக் குறுமீன்களாய் இருக்க மாட்டா, வெடித்துப்போன விண்மீனின் எச்சமாய் இருக்கும் என்றார். கட்டுரையில்லாத ஒரு கருத்து கேள்வி நேரத்தில் பிறந்ததைப் பாருங்கள்! பின்னர் அவர் எண்ணம் பெரிதும் சரியென்று தெரிந்தது. அவை சுழலும் நியூட்ரான் விண்மீன்கள். இன்று பல்சார் என்று நம் பாடநூல்களில் படிக்கிறோம். சில நாட்களில், பிப்ரவரி 24 அன்று, 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளிவந்தது. ஐந்து பெயர்கள், ஹியூவிஷ் முதலாவது, பெல் இரண்டாவது. பத்திரிகையாளர்கள் திரண்டார்கள். விண்மீனைப் பற்றி ஹியூவிஷிடம் கேட்டவர்கள், ஜோஸ்லினிடம் கேட்டது, இளவரசி மார்கரெட்டைவிட நீங்கள் உயரமா என்று! 1974இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் கிடைத்தது.

ஹியூவிஷைத் திட்டுவது எங்கள் நோக்கமன்று. கருவியைத் திட்டமிட்டவர் அவர், பொறுப்பும் அவருடையது. ஜோஸ்லினும் அந்தப் பரிசைப் பற்றிக் குறை சொன்னதில்லை. 2018இல் தமக்குக் கிடைத்த வேறொரு பரிசான 30 லட்சம் டாலரையும், வாய்ப்புக் கிட்டாத மாணவர்கள் இயற்பியல் ஆராய்ச்சி செய்ய உதவுமாறு கொடுத்துவிட்டார். அந்தப் பெருந்தன்மையை வணங்குகிறோம். ஆனால் அவர் பெருந்தன்மை அவருடையது. அதைக் காட்டி எங்கள் கேள்வியை அடக்க முடியாது. தாளை அங்குலம் அங்குலமாகப் படித்தவர் அன்று மேடையில் நின்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

பெண்பிள்ளை கூட்டத்தில் நின்று பெரியவர்களுக்குப் பதில் சொல்வதா என்று கேட்கும் வீடுகள் இன்றும் உண்டு. ஆண்டவர் உயிர்த்தெழுந்த செய்தியைச் சீடர்களிடம் முதலில் கொண்டுபோனவள் மகதலா மரியாள் அல்லவா? பெண்கள் சொன்னதைச் சீடர்கள் முதலில் நம்பவில்லை என்று நற்செய்தியே கூறுகிறது. நம்பமாட்டார்கள் என்பதற்காக அந்தச் செய்தி வேறொருவர் கையில் கொடுக்கப்படவில்லை.

எனவே அன்புள்ள அருட்சகோதரிகளிடமும் ஆசிரியைகளிடமும் எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த அழைப்பு வரும்போது குரலைத் தேடாதீர்கள். குளத்து நீரை எடுத்துச் சோதித்தவள், பாட்டியிடம் பழஞ்சொல் கேட்டுக் குறித்தவள், கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தவள் யாரென்று பாருங்கள். அவள் எழுதியது எட்டுப் பக்கமே ஆனாலும் போதும். அதை வரிவரியாக வாசிக்க வேண்டாம். காகிதம் கண்ணுக்கு, பேச்சு காதுக்கு. முக்கியமான இரண்டு செய்திகளைத் தன் சொல்லில் சொல்லட்டும். மேடைக்குமுன் தோழியர் நான்குபேர் சுற்றி அமர்ந்து, ஹாயில் கேட்டதுபோல் குறுக்குக் கேள்வி கேட்டுப் பழக்குவோம். அந்த வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். தெரியாத கேள்விக்கு, "அதை நான் இன்னும் பார்க்கவில்லை, ஐயா" என்று அவள் சொன்னால், தயவுசெய்து முதல் வரிசையிலிருந்து யாரும் விடையைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.