ஓதிப் பாருங்கள், அவசரப் பிரிவுக்கும் போங்கள்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் அத்தர், சாம்பிராணி, கறுப்புக் கயிறு விற்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் கடையில் கூட்டம். முகம் வாடி வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பாய், பிள்ளைக்குக் காத்துக் கருப்பு பட்டிருக்கு, எது நல்லா கேக்கும்?" கிள்ளானிலிருந்து வரும் இந்துக் குடும்பங்களும் இதைத்தான் கேட்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் நமக்குள் மத வேறுபாடு கிடையாது. வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் லாத்தாவின், அதாவது அக்காவின், மகள் கல்லூரி மாணவி. முதலில் தலைவலியும் லேசான காய்ச்சலும் வந்தன. சில நாட்களில் தூக்கம் போனது. கைப்பேசி வழியாக யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்றாள். கிளினிக்கில் மன அழுத்தம் என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அதன் பிறகு பேச்சே நின்றது. வாய் மட்டும் ஓயவில்லை. வெற்றிலை மெல்லும் கிழவியைப் போல அசைந்துகொண்டே இருந்தது. உதட்டைச் சுழிப்பாள், நாக்கை நீட்டுவாள். "உள்ளே இருக்கிறதுதான் மெல்லுது" என்றார் வீட்டுப் பெரியவர் ஒருவர். அதைக் கேட்ட சின்னப் பிள்ளைகள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. ஹஜ்ரத் வந்து ஓதினார். ஓதிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வலிப்பு வந்தது. நல்ல மனிதர், உடனே நிறுத்திவிட்டு, "முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றார்.

முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்த பிறகு மருத்துவர்கள் சொன்ன பெயர் ஆட்டோஇம்யூன் என்செபலைடிஸ். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், தடம் மாறி மூளையையே தாக்கும் நோய். நினைவுக்கும் கற்றலுக்கும் தேவையான என்எம்டிஏ ஏற்பிகளைக் குறிவைப்பது அதில் அதிகம் அறியப்பட்ட வகை. பெண்கள் சிலருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருக்கும். அந்தக் கட்டிக்குள் நரம்புத் திசு இருப்பதால் அதை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்பொருள் மூளையையும் விடுவதில்லை. எங்கள் பிள்ளைக்கும் கட்டி இருந்தது. அதை அகற்றி, ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் ஏற்றினார்கள். மாதக்கணக்கில் ஆனது, ஆனால் தேறினாள். இப்போது படிப்பைத் தொடர்கிறாள்.

இந்த என்எம்டிஏ வகையை 2007இல் அமெரிக்காவில் அடையாளம் காட்டியவர்கள் ஜோசப் தல்மாவ் என்ற ஸ்பானிய மருத்துவரும் அவர் குழுவினரும். அடுத்த இரண்டே ஆண்டில் நியூயார்க் போஸ்ட் செய்தியாளர் சூசன்னா கஹாலனுக்கு இதே நோய் வந்தது. பைத்தியம் என்றே முடிவு கட்டப்படும் நிலை. மருத்துவர் சுஹைல் நஜ்ஜார் அவரிடம் தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதினார் கஹாலன். கோளாறு மூளையில்தான் என்பதற்கு அந்தத் தாள் போதுமானதாக இருந்தது. 577 நோயாளிகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்களுக்குக் குணமாகும் வாய்ப்பும் கூடுதல்.

மருத்துவமே எட்டாதவர்களின் கதையும் நமக்குத் தெரியும். எங்கள் தெருவில் ராமநாதபுரத்துக்காரர்கள் நிறைய. அங்குள்ள ஏர்வாடி தர்காவுக்கு நேர்ச்சை வைக்காத வீடு குறைவு. அந்த ஏர்வாடியில்தான் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். அவர்களுக்கு இந்த நோய்தான் இருந்தது என்று சொல்ல வரவில்லை. மனநோயோ மூளைநோயோ, சங்கிலி எதற்கும் வைத்தியம் ஆகாது. பின்னாளில் அதே தர்காவில் துஆ ஒரு பக்கம், மனநல மருத்துவரின் மருந்து ஒரு பக்கம் என்று திட்டம் வந்தது. அதுதான் சரி. ஓதுவதை நான் விடச் சொல்லவில்லை, நானும் ஓதுகிறவன்தான்.

இங்கே மலேசியாவில் நம்மைத் தடுப்பது இன்னொன்று. தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். 1911இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை அங்கே இருப்பதுதான் அந்த ஊர் செய்த குற்றம்! பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அங்கே அனுப்பிவிடுவார்கள், கல்யாணச் சந்தையில் பேர் கெட்டுவிடும் என்று பயந்தே நாட்களைக் கடத்துகிறார்கள்.

மனம் பேதலித்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் இருக்காது, இது அரிது. கவனிக்க வேண்டியது வேகத்தை. நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை சில நாட்களில், சில வாரங்களில் ஆளே மாறிப்போனால், கூடவே காய்ச்சலோ வலிப்போ வாய் அசைவோ பேச்சு நிற்பதோ இருந்தால், நாள் நட்சத்திரம் பார்க்காதீர்கள். நடப்பதைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள், என்றைக்கு என்ன ஆனது என்று எழுதி வையுங்கள், அவசரப் பிரிவில் அதைக் காட்டி நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஹஜ்ரத்மார்களுக்கும் பூசாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்களிடம்தான் முதலில் வருகிறார்கள். இந்த அறிகுறிகளைக் கண்டால் அவர்களை அங்கேயே உட்கார வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஆம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டிய எண் 999.