படலைத் திறக்காத மனிதர்

எங்கள் மாமனிடம் மாட்டைப் பற்றிக் கேட்டால் வேலியைப் பற்றித்தான் பேசுவார். மூலனூர்ப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் கொறங்காடு இருக்கிறது. காங்கயம் கன்று வாங்க ஆசைப்பட்டுத் திருப்பூரிலிருந்து இளவட்டங்கள் அவரைத் தேடி வருவார்கள். பல், சுழி, திமில் என்று நுணுக்கம் ஏதாவது சொல்வார் என செல்போனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். "காடு எவ்வளவு இருக்குதுங்க? வேலி கிளுவையா, கம்பியா?" என்பார் மாமன். கம்பி என்றால் பேச்சில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

பேருந்தில் போகிறவர்களுக்குக் கொறங்காடு வெறும் தரிசாகத்தான் தெரியும். காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரம் மழை மறைவுச் சீமை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும், கூடவே மழை வராது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வதை வைத்துத்தான் வருசத்தை ஓட்ட வேண்டும். இந்த மண்ணில் வருசா வருசம் உழுது தோற்பதைவிடப் புல்லை விதைத்துப் பண்டம்பாடியை உள்ளே விடுவது மேல் என்று எந்தத் தலைமுறையிலோ முடிவு செய்திருக்கிறார்கள். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. இவ்வளவுதான் சரக்கு.

கொழுக்கட்டைப் புல் வெயிலில் காய்ந்தாலும் மடியாது, நின்ற இடத்திலேயே தீவனமாக நிற்கும். கோடையில் புல் தேய்ந்துபோகும்போது வேலங்காய் கை கொடுக்கும். ஆடு காயைத் தின்று கொட்டையைப் புழுக்கையோடு போட்டுவிட்டுப் போகும், அடுத்த மழையில் அது முளைக்கும். ஆக, மரம் நட ஆள் வேண்டாம். கிளுவைக்குத்தான் வேண்டும். போத்து வெட்டி நெருக்கமாக நட்டு, அது வேர்பிடித்து ஒன்றோடொன்று பின்னி முள்வேலியாக நிற்கப் பல வருசம் ஆகும். நின்றுவிட்டால் மேய்ப்பதற்கு ஆளே தேவையில்லை. மாடு இரவும் பகலும் காட்டுக்குள்ளேயே கிடக்கும்.

மாமன் செய்கிற வேலைகளில் கடினமானது எது என்று என்னைக் கேட்டால், படலைத் திறக்காமல் இருப்பது என்பேன். காட்டைத் துண்டுகளாகப் பிரித்து ஒன்று மாற்றி ஒன்றில்தான் மாட்டை விடுவார். முதல் மழைக்குப் பச்சை கிளம்பும்போது கட்டுத்தரையில் மாடு கயிற்றை இழுக்கும், கத்தும். பக்கத்துக் காட்டுக்காரர் திறந்துவிட்டிருப்பார். இவர் திறக்க மாட்டார். புல் கதிர் விட்டு விதை உதிர்ந்த பிறகுதான் படல் நகரும். அதுவரை சோளத்தட்டு, தீர்ந்தால் விலைக்கு வாங்கிய சோளத்தட்டு. பசித்த மாட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பச்சைக் காட்டைப் பூட்டி வைக்க ஒரு கல்நெஞ்சு வேண்டும். மாட்டின்மீது பாசம் வைத்திருக்கிறவர்கள் என்று நாம் எழுதுகிறவர்கள் பலருக்கு அது கிடையாது.

காங்கயம் மாட்டினத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் பழையகோட்டைப் பட்டக்காரர்கள். நூறு வருசத்துக்கு முன்பே அவர்களுடைய மந்தையைக் கால்நடை அதிகாரிகள் தேடிவந்து பார்த்திருக்கிறார்கள். கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாதம் போனால் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளை வளர வளரத் திமிலிலும் முன்னும் பின்னும் கருமை ஏறும். காயடித்தால் அந்தக் கருமை இறங்கிவிடும். காயடித்த எருதுதான் அன்றைக்குக் குடும்பத்தின் மூலதனம், கிணற்றில் கவலை இழுத்தது, வண்டி இழுத்தது, ஏர் இழுத்தது. மின்சார மோட்டார் வந்தபோது கவலை போனது. டிராக்டர் மற்றதைக் கொண்டுபோனது. வேலைக்கென்றே வளர்ந்த இனத்துக்கு வேலை இல்லாமல் போனது.

பாலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் இல்லை. ஒரு ஈத்துக்குச் சராசரி 540 கிலோ பால் என்பது இனக் குறிப்புகளில் இருக்கிற கணக்கு. கன்று குடித்தது போக வீட்டுக் காப்பிக்கு வரும்.

2014ல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தது. அதை எதிர்த்து 2017 சனவரியில் மெரினா நிரம்பியது. அதன்பிறகு சட்டைகளிலும் வண்டிக் கண்ணாடிகளிலும் காளைப் படம் வந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை, ஆனால் அந்தப் படங்களில் ஒன்றில்கூடப் பசுவைப் பார்த்த நினைவில்லை. புல்லை யாரும் வரையப்போவதுமில்லை. மாமனுக்குக் கிடைத்த லாபம், காளைக்கன்றுக்கு விலை ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டைச் சந்தைக்குக் கொண்டுபோனால் கூட்டம் கூடுகிறது, படம் எடுக்கிறார்கள். வாங்குகிறவர்கள் அதிகமில்லை. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரையொட்டிக் கூடும் சந்தைதான் அவருக்கு வருசப் பரீட்சை. அங்கே துண்டுக்குள் கை விட்டு விரலைப் பிடிக்கும் தரகர்களுக்குப் படம் தேவையில்லை.

வருசத்துக்கு ஒரு கன்று விற்ற காசில் ஒரு வீடு ஓடுமா? ஓடாது. சுற்றுவட்டாரத்தில் சிலர் கிளுவையைப் பிடுங்கி, காட்டைச் சோலார் தகட்டுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குத்தகைக் காசு மாதம் தவறாமல் வருகிறது, மழையைப் பார்க்க வேண்டியதில்லை.

மாமன் வீடு ஓடுவது அத்தையால். இத்தனை நேரம் மாமனைப் பற்றியே எழுதினேன், சாணி அள்ளுவது, தாழிக்குத் தண்ணீர் நிரப்புவது, சினை மாட்டுக்கு ராத்திரி எழுந்து விளக்குப் பிடிப்பதெல்லாம் அத்தை. கட்டுத்தரையின் மறுகோடியில் அவருக்கென்று இரண்டு ஜெர்சிக் கலப்பு மாடுகள் உண்டு. ஒரு நேரத்துக்கே நாலைந்து லிட்டர் கறக்கும். காலையும் மாலையும் சங்கத்துக்கு ஊற்றுகிறார். மளிகை, மருந்து, கல்யாண மொய் எல்லாம் அந்தக் காசு. மாமன் அந்த மாடுகளைத் தொடவும் மாட்டார், கொறங்காட்டுக்குள் விடவும் மாட்டார். வெயில் தாங்காது என்கிறார்.

"வெயிலெல்லாம் சும்மா கண்ணு. உட்டா இவரு புல்லைத் தின்னு தீத்துப்போடும்னு பயம்" என்றார் அத்தை. சொல்லிவிட்டு, மேற்கு வேலிக்குப் போன புரட்டாசியில் புதுப் போத்து நட்ட ஆள் கூலி முழுக்கத் தன் பால் காசுதான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மாமனிடம் கேட்டேன்.

"ஆமா மாப்ளே, கைமாத்தா வாங்குனதுதான். இன்னும் குடுக்கல."